தேதி போடாத தீர்ப்புகள்

அறிவிப்பு வந்த நேரத்தில் லிப்ட் மெக்கானிக் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மெஷின் ரூமில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் போன். "இத்தனை ஆண்டுகள் எங்களோடு பயணித்ததற்கு நன்றி" என்று ஆரம்பித்திருந்தார்கள். நன்றி சொல்லி ஆரம்பிக்கிற கடிதம் நல்ல சேதி கொண்டுவராது என்பது அவருடைய அனுபவம். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு மேலே படித்தார்.

முப்பது நாள். சரியாக முப்பதாவது நாள், வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு மன்றம் மூடப்படும். பதிவுகள் அத்தனையும் அழிக்கப்படும். விளையாட்டு வழக்கம்போல் நடக்கும்.

அது ஊர் கட்டுகிற விளையாட்டு. வெற்று நிலம் தருவார்கள்; நீங்கள் ரோடு போட்டு, குழாய் பதித்து, வீடு கட்டி ஜனங்களைக் குடிவைக்க வேண்டும். விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ள அந்தக் கம்பெனியே இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருந்தது. அதில் நூறு அறைகள். கடைக்கோடியில், செருப்பு விடுகிற இடம் மாதிரி, ஒரு தமிழ் அறை. நாற்பது பேர் பதிந்திருந்தார்கள். தினமும் எட்டிப் பார்ப்பவர்கள் ஒன்பது பேர். ஆளுக்கொரு தேசத்தில் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை.

பெரிய அறைகளில் அன்றைக்கே கலவரம். யாரோ ஒருவன் தன் ஊரின் நகர மண்டபத்துக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கிப் படம் போட்டான். சாயங்காலத்துக்குள் ஆயிரக்கணக்கான ஊர்களில் கொடிகள் பாதிக் கம்பத்தில் தொங்கின. கையெழுத்து வாங்கினார்கள், கெஞ்சினார்கள், கம்பெனிக்காரனின் குலத்தையே இழுத்துத் திட்டினார்கள். கம்பெனி ஒரு சிரிக்கிற பொம்மையைப் பதிலாகப் போட்டது.

தமிழ் அறையில் டாக்ஸி ஓட்டுகிறவர்தான் முதலில் எழுதினார். அவருக்கு அங்கே பெயரே டாக்ஸிதான்.

"பதினொரு வருஷமா ஒரு கடைவாசல்ல நின்னு அரட்டை அடிச்சோம். கடைக்காரன் ஷட்டரை இறக்கறான். எல்லாரும் கையை உள்ள இழுத்துக்கங்கப்பா, நசுங்கிடப் போவுது."

கணக்கு வாத்தியார் கம்பெனிக்கு நாலு பக்கத்தில் கடிதம் அனுப்பியதாகவும், மூன்றாவது விநாடியே பதில் வந்துவிட்டதாகவும் சொன்னார். "நாலு பக்கத்தை மூணு செகண்டுல படிச்சிருக்காங்க. இவ்வளவு புத்திசாலிங்க ஏன் கடையை மூடறாங்கன்னுதான் புரியல."

பேக்கரி வைத்திருக்கும் பெண் எழுதினாள்: "நான் விடியக்காலைல மாவு பிசைஞ்சிட்டு, அது உப்பற வரைக்கும் உங்ககூடத்தான் இருப்பேன். இனிமே மாவைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். லிப்ட் அண்ணே, அண்ணிக்குச் சொல்லிட்டீங்களா? அண்ணி என்ன சொன்னாங்க?"

மெக்கானிக் மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்தார். விரல் போன் மேல் நின்றது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணி ஒன்றும் சொல்லவில்லை.

*

அண்ணி என்பது அவருடைய மனைவி. துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கிற வேலை பார்த்தவள். சாயங்காலம் இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலி முதுகில் தாடையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். விளையாட்டு அவளுக்குப் பிடிக்காது. ஊர்களைக் குறை சொல்லப் பிடிக்கும்.

இவர் கட்டிய முதல் ஊரில் மாடி வீடே கிடையாது. ஒரே சீராகத் தரையோடு தரையாக இருந்தது. "பகல் பூரா லிப்ட், தூக்கத்துல புலம்பறதும் லிப்ட். இங்கயாவது மனுஷங்க கீழயே இருக்கட்டும்னு விட்டுட்டீங்களாக்கும்" என்றாள் அவள். பிறகு ஊரை இன்னொரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இந்த ஊர்ல ஆம்பளைங்க எங்க போய் முடி வெட்டிக்குவாங்க?" என்றாள்.

அதை அப்படியே படத்துக்குக் கீழே எழுதிவிட்டார். முன்னால் "வீட்டம்மா" என்று மட்டும் போட்டார். தமிழ் அறை விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் ஊரையும் அண்ணியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வரிசை கட்டி நின்றது. அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. தமிழ் அறையில் ஒருவர் எவ்வளவு பெரிய ஊரைக் கட்டினாலும், அதற்குக் கீழே அண்ணி ஒரு வரி சொன்ன பிறகுதான் "கட்டி முடித்தாயிற்று" என்று பலகை மாட்டலாம். அதுவரை அது வெறும் மண்மேடு.

டாக்ஸியின் ஊருக்கு அவள் சொன்னது: "ரோடெல்லாம் பளபளன்னு இருக்கு. ஒருத்தனும் எங்கயும் போக வேண்டியதில்ல போல."

வாத்தியாரின் பிரம்மாண்டமான சதுக்கத்துக்கு: "இம்மாம் பெரிய மைதானம், ஒரு கக்கூஸ் இல்ல. கணக்கு எங்கயோ தப்பு."

ஐந்து வருஷம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் பேன்ட் ஒன்றின் கால் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தவள், தலையை மெஷின் மேல் சாய்த்தாள். அசதியாக்கும் என்று பக்கத்து மெஷின்காரி கொஞ்ச நேரம் எழுப்பாமல் விட்டிருக்கிறாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அவரே மாதாமாதம் பார்க்கிற லிப்டில் ஏறி மெக்கானிக் மேலே போவதற்குள் உயிர் போயிருந்தது.

ஒன்பது நாள் கழித்து, மன்றத்தில் சொல்லிவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தார். டாக்ஸி புது ஊர் போட்டுவிட்டுக் காத்திருந்தார். "என்ன அண்ணே, பத்து நாளா கோர்ட்டுக்கு லீவா? அண்ணி தீர்ப்புக்கு ஊர் ஜனமே தவம் கிடக்குது."

"அண்ணி" என்று தட்டினார். "இல்லை" என்று அடுத்த சொல் தட்ட வேண்டும். கண் ஊர்ப் படத்தின் மேல் போனது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சுவர் கல்லறை. விரல் தானாக ஓடியது.

"அண்ணி: ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறந்தா கல்லறை தெரியுது. நோயாளிக்கு நல்லாத் தைரியம் வரும்."

எழுதி முடித்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. பக்கத்து அறையில் மகள் படுத்திருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு வாத்தியார் ஒரு ரயில் நிலையம் கட்டியிருந்தார்.

கஷ்டமாகவே இல்லை, அதுதான் விஷயம். ஊர்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால், நாற்காலி முதுகு கொஞ்சம் கனக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் வரி வந்துவிடும். யாராவது ஓர் ஊரைக் கட்டுகிற வரைக்கும் அவளுக்குப் புதிதாகச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது.

வீட்டில் நிலைமை வேறு. மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். இப்போது மருந்துக்கடையில் வேலை. அப்பாவும் மகளும் பேசிக்கொள்வார்கள், பேசாமல் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, பஸ் தாமதம், குழாய் ஒழுகுகிறது. மகள் எப்போதாவது "அம்மா இருந்தப்போ" என்று ஆரம்பித்தால், மெக்கானிக் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். வெறும் டம்ளரோடு திரும்பி வருவார். நாளடைவில் மகளும் ஆரம்பிப்பதை விட்டுவிட்டாள்.

*

மூடுவதற்குள் அண்ணியின் வரிகளை எழுதி வைத்துவிட வேண்டும் என்று மெக்கானிக் முடிவு செய்தார். கம்ப்யூட்டரை நம்பவில்லை, அது ஒரு நாள் எழுந்திருக்கும், ஒரு நாள் எழுந்திருக்காது. ஆபீசில் மிச்சமாகக் கிடந்த சர்வீஸ் ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்து வந்தார். லிப்டுக்கு லிப்ட் ஒன்று தொங்கும், நீள அட்டை நோட்டு. இடது ஓரம் தேதி, நடுவில் செய்த வேலை, வலது ஓரம் கையெழுத்து.

மன்றத்தில் "அண்ணி" என்று தேடினால் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகள் வந்தன. அதிகம் பேர் சிரித்தது முதலில், குறைவாகச் சிரித்தது கடைசியில். எந்த வருஷத்தது என்று பார்க்க ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். அவர் திறக்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, வரிசைப்படி நடுக்கட்டத்தில் எழுதிக்கொண்டே போனார். நேரம் பத்தாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பது வருஷ சர்வீசில் தேதி போடாமல் ஒரு வரி எழுதாத ஆள். ஒரு பல்பு மாற்றினால்கூடத் தேதி போடுகிறவர். இந்த நோட்டில் மட்டும் இடது கட்டம் பக்கத்துக்குப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

அதற்குள் தமிழ் அறையில் வேறு ஏற்பாடு நடந்தது. எல்லாரும் போன் நம்பர் கொடுத்து ஒரு குழு ஆரம்பிப்பது, மன்றம் மூடிய ஞாயிற்றுக்கிழமையே எல்லாரும் முகம் பார்த்துப் பேசுவது.

"முதல்ல அண்ணிதான் பேசணும்" என்று டாக்ஸி எழுதினார். "என் கல்யாணத்துக்கு அவங்க அனுப்பின வாழ்த்தை என் வீட்டுக்காரி பிரேம் போட்டு வெச்சிருக்கா."

"எனக்கு அந்தக் குரலைக் கேட்டா போதும்" என்றாள் பேக்கரிக்காரி. "லிப்ட் அண்ணே, நீங்கதான் இன்னும் நம்பர் தரல."

மெக்கானிக் "தர்றேம்மா" என்று எழுதினார். தரவில்லை. டாக்ஸியின் கல்யாணம் நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

*

கடைசி வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருக்குக் கை வலி. பாதி வரிகளுக்கு மேல் பாக்கி. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எழுதித் தர்றியாம்மா? நான் படிக்கிறேன்."

"என்னது இது?"

"அம்மா சொன்னது. ஃபோரத்துல."

மகள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். ஆறு வருஷத்தில் அவர் அம்மாவைப் பற்றி வாயே திறந்ததில்லை. ரெஜிஸ்டரை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். முதல் பக்கத்தில் சிரித்தாள். மூன்றாவது பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கக்கூஸ் இல்லையாம், கணக்கு தப்பாம். அப்பா, இது அம்மாவேதான்." மெக்கானிக்கும் சிரித்தார். ஜன்னல் வெயில் மேஜையில் விழுந்திருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு நல்ல மத்தியானம் வந்து வெகு நாளாகியிருந்தது.

பதினோராவது பக்கத்தில் அவள் விரல் நின்றது. உரக்கப் படித்தாள்.

"என் பொண்ணு மருந்துக்கடைல சேர்ந்ததுலேர்ந்து வீட்டுல ஒரு வெங்காயம் வாங்கினாக்கூட ரசீது கேக்கறா. உங்க ஊர்ல கடைங்க இருக்கு, ரசீது யாரு குடுப்பா?"

முகம் ஒரு கணம் மலர்ந்தது. அம்மா தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பிறகு அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோயிற்று.

"நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷந்தான் ஆவுது."

மெக்கானிக் டம்ளரைத் தேடினார். கைக்கு எட்டும் தூரத்தில் டம்ளர் இல்லை.

"இதுல எது அம்மா, எது நீங்க?"

"பாதிக்குப் பாதி இருக்கும்."

"தேதி எங்க?"

"நேரம் பத்தாதுன்னு..."

"லிப்டுக்கு எண்ணெய் விட்டா நிமிஷம் வரைக்கும் எழுதுவீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் ஒரு தடவை, அம்மா வைக்கிற குழம்பு மாதிரி இல்லப்பான்னு சொன்னேன். நீங்க தட்டோட எழுந்து போயிட்டீங்க. அதுக்கப்புறம் நான் பேசவே இல்ல, உங்களுக்கு வலிக்குமேன்னு. இங்க தினமும் பேசிட்டிருந்திருக்கா. டாக்ஸிக்காரருக்குப் பேசியிருக்கா, வாத்தியாருக்குப் பேசியிருக்கா. முன்னபின்ன தெரியாத பேக்கரிக்காரம்மாவுக்குப் பேசியிருக்கா. எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்ல."

அவள் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இது. 'பாவம், இந்த வீட்டுக்காரிக்கு வெயிலே படாது.' அம்மா பாவம்னு சொல்லவே மாட்டா. இது நீங்க."

"அது அவ சொன்னதுதான்மா."

"இல்ல."

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார்கள். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அம்மாதான் சொல்லியிருந்தாள். மகள் அந்தத் தேதியை வெகு நேரம் பார்த்தாள்.

"அப்போ எனக்கே தெரியலையா" என்றாள்.

*

அன்றிலிருந்து மகள்தான் உட்கார்ந்தாள். அப்பாவிடம் பேசவில்லை. எழுதாமல் விட்டிருந்த வரிகளை எழுதினாள். ஒவ்வொன்றாகத் திறந்து இடது கட்டத்தில் பென்சிலால் தேதி போட்டாள். அம்மா மெஷின் மேல் சாய்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தையதென்றால் சின்னதாக ஒரு புள்ளி. பிந்தையதற்கு ஒன்றும் இல்லை. மருந்துக்கடையில் இரண்டு நாள் லீவு சொன்னாள். அப்பா டீ கொண்டுவந்து வைத்தால் குடித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், தலை நிமிராமல் கேட்டாள்: "அவங்ககிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

"யாருகிட்ட?"

"அம்மா ஞாயித்துக்கிழமை பேசுவான்னு காத்திருக்காங்களே, அவங்ககிட்ட."

"சொல்லாம விட்டுட்டா, அவங்களுக்கு அண்ணி எங்கயோ இருக்கான்னு இருக்கும்."

"அம்மா செத்ததுக்கு நான் மட்டும்தான் அழுதேன், தெரியுமா? உங்களுக்கு அவ சாகவே இல்ல." பென்சிலைக் கூர் தீட்டினாள். "அவங்களும் அழட்டும்ப்பா. பதினொரு வருஷம் சிரிச்சாங்க இல்ல."

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் அரை நாள் லீவு போட்டார். பத்தரை மணிக்குத் தமிழ் அறையில் ஒன்பது பேரும் இருந்தார்கள். டாக்ஸி வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தார். பேக்கரிக்காரி, "ரொட்டி தீஞ்சாலும் பரவாயில்ல" என்று எழுதியிருந்தாள். ஆளாளுக்குப் பழைய ஊர்ப் படங்களைப் போட்டார்கள். உலகம் முழுக்க எல்லா அறைகளிலும் ஜனங்கள் வந்து குவிந்ததில் மன்றம் திணறியது. ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிஷம் பிடித்தது. மகளின் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் அறுபத்து மூன்று வரிகளுக்குத் தேதி பாக்கி.

"நீங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதாலதான் இது ஓடல. ரெண்டையும் நெட் ஒண்ணா இழுக்காது" என்றாள்.

"எழுந்துக்கவா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். "வேணாம். சொல்லிட்டு எழுந்திருங்க."

மெக்கானிக் நாலு வரி தட்ட இருபது நிமிஷம் ஆனது.

"அண்ணி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் நானே எழுதினது. ஏமாத்தணும்னு ஆரம்பிக்கல. நிறுத்தத் தெரியல. மன்னிச்சிடுங்க."

அனுப்பினார். சக்கரம் சுற்றியது. வரி அறைக்குள் போய் விழுந்தது.

மெக்கானிக் பக்கத்தை மறுபடி திறந்தார்.

பிறகு டாக்ஸி: "எங்க கல்யாண வாழ்த்து?"

"நான்" என்று எழுதினார்.

"சரி" என்றார் டாக்ஸி. அப்புறம் அவர் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

வாத்தியார் எழுதினார்: "என் அனுதாபங்கள். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், நாங்கள் எட்டுப் பேர் உங்களோடு இருந்திருப்போம். அதுதான் எனக்கு ஆறவில்லை."

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒரு சொல், இரண்டு சொல் எழுதினார்கள். யாரும் திட்டவில்லை. யாரும் ஜோக் அடிக்கவில்லை. கீழே, "பேக்கரி எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று சின்ன எழுத்தில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பதினொன்று ஐம்பதுக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டுக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

பன்னிரண்டுக்குத் திரை ஒரு தடவை வெளுத்தது. "இந்தப் பக்கம் கிடைக்கவில்லை" என்றது. அவர் மறுபடி தட்டிப் பார்த்தார். மறுபடியும் அதையே சொன்னது.

"நம்பர் குடுத்தீங்களா அவங்களுக்கு?" என்றாள் மகள்.

"இல்ல."

"அவங்க நம்பராவது எழுதி வெச்சீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். எழுதவில்லை. தொள்ளாயிரம் வரிகளில் ஒன்றில்கூட அது இல்லை.

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை இழுத்து, ஐந்து நாளில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெஜிஸ்டரைக் கடைசிப் பக்கங்களுக்குப் புரட்டினாள். இடது கட்டம் காலி.

"அறுபத்தொண்ணு மிச்சம்" என்றாள். "ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க, நான் போட்டுக்கறேன். 'இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கிறவன் காது கேக்காதவனா?'"

"நான்" என்றார்.

"'ஆறு இருக்கு, பாலம் இருக்கு, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையே.'"

"அது... நான்தான். அவ போயிட்ட வருஷம் எழுதினது."

அவள் அடுத்த வரிக்கு வந்தாள். "'எல்லா வீட்டுலயும் விளக்கு எரியுது. ஒருத்தராவது தூங்கட்டுமே.'"

மெக்கானிக் கண்ணை மூடினார். அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. தாடை அழுத்துகிற இடம், மூச்சு, எல்லாம். அது யாருடையது என்று மட்டும் பிடிபடவில்லை.

"தெரியல" என்றார்.

"யோசிங்கப்பா."

"யோசிச்சிட்டுதான்மா இருக்கேன்."

அவள் பென்சிலைக் கட்டத்துக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.